நோய்க்கட்டிலருகே தாய்க்கு ஓர் இடம்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் பெருமக்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்டனர். அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். செங்கீரை ஆடுவதற்கும் தாலாட்டுக் கேட்பதற்கும் முன்னர், குழந்தைக்குக் காவல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. நோயுற்ற குழந்தையின் அருகில் தாய் இரவெல்லாம் விழித்திருப்பதும் அத்தகைய காவலே. அதற்கு விளக்கம் கூற வேண்டியதில்லை என்றே நாம் கருதுவோம்.

ஆயினும், நாகரிக உலகின் மருத்துவமனைகள் பல, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அந்தக் காவலைத் தாய்க்கு மறுத்து வந்தன. தாய் வாயிலில் நின்றாள். குழந்தை உள்ளே அழுதது. அக்கதவு ஏன் மூடப்பட்டது, எவ்வாறு மீண்டும் திறந்தது என்பது நம்முடைய பாடநூல்களில் இடம்பெறாத வரலாறு. அதனை அறிய என்னைத் தூண்டியது என் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி.

தோட்டத்து வீட்டில்

1975ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. என் பெற்றோர் இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். பதினான்கு மாதக் குழந்தையாயிருந்த என் தங்கையும் அங்கேதான் வளர்ந்தாள். ஒருநாள் அவளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. மறுநாள் கண்கள் குழிவிழுந்தன. தோட்டத்து டிரசர் பார்த்துவிட்டு, உடனே பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அங்கே குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். தாயை வெளியே நிற்கச் சொன்னார்கள். பார்வையாளர் நேரம் நண்பகலில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. முதல் இரவு என் தாயார் வாயிலருகே இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். "இங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய்? வீட்டுக்குப் போம்மா," என்று ஜாகாக்காரர் இருமுறை வந்து சொன்னாராம். தங்கை இன்னும் தாய்ப்பால் மறவாதவள். கட்டிக்கொண்ட பாலைச் சுவரோரத்தில் பீய்ச்சிவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் தாயார் தோட்டத்துக்குத் திரும்பினார். நாள்கூலியை இழக்க முடியாத குடும்பம் எங்களுடையது. ஆகையால் மாலை ஒரு மணி நேரந்தான் அவருக்குக் கிடைத்தது.

முதல் மூன்று நாள்கள் தங்கை தாயைக் கண்டதும் அலறினாள். பிரியும்போது அதைவிட அதிகமாக அலறினாள். "நீங்கள் வருவதனால்தான் அழுகிறாள், நீங்கள் போன பின்பு சமர்த்தாக இருக்கிறாள்," என்றார் ஒரு தாதி. அவர் கொடுமைக்காரர் அல்லர். தாம் கண்டதைத்தான் சொன்னார். ஆறாம் நாள் முதல் குழந்தை அழவில்லை. எல்லாரும் மகிழ்ந்தனர்.

பதினோராம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். நோய் தீர்ந்திருந்தது. ஆனால், கை நீட்டிய தாயிடம் அவள் செல்லவில்லை. தந்தையின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டி கண்ணேறு கழித்தார், வேப்பிலை அடித்தார். சில நாள்கள் கழித்து அவளே தாயைப் பற்றிக்கொண்டாள். அதன் பின்னர், தாயார் குளிக்கச் சென்றாலும் கதவைத் தட்டி வீறிடுவாள். பல மாதம் அப்படியிருந்தது. "என் பிள்ளை என்னை மறந்துவிட்டாள்" என்னும் குறை மட்டும் தாயார் நெஞ்சில் ஆறாமல் தங்கிவிட்டது.

கதவு மூடப்பட்ட விதம்

குழந்தைகளுக்கென்றே அமைந்த மருத்துவமனை முதன்முதலில் 1802ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் தோன்றியது. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையை மருத்துவர் சார்லஸ் வெஸ்ட் 1852ஆம் ஆண்டில் பத்துக் கட்டில்களுடன் தொடங்கினார். ஏழைக் குழந்தைகளின் உயிரைக் காக்க எழுந்த நிறுவனங்கள் இவை. இவற்றின் நோக்கத்தை யாரும் ஐயுற முடியாது.

ஆயின், அந்நாளில் தொற்றுநோய்க்கு அஞ்சாத மருத்துவமனை இல்லை. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல், தட்டம்மை ஆகியவற்றுள் ஒன்று கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் பல கட்டில்கள் வெறுமையாகிவிடும். பென்சிலின் மருந்து பொதுமக்களுக்குக் கிடைத்ததே 1940களின் நடுப்பகுதியில்தான். மருந்தில்லாத காலத்தில் தனிமையே மருந்தாயிற்று. வெளியிலிருந்து வருவோர் நோயைக் கொண்டுவருவர் என்று கருதப்பட்டபோது, தாயும் அவர்களுள் ஒருத்தியாக எண்ணப்பட்டாள்.

ஒழுங்கு பற்றிய கருத்தும் இதனோடு சேர்ந்துகொண்டது. விரிப்பில் சுருக்கமின்மை, நேரப்படி உணவு, கூடத்தில் அமைதி ஆகியவையே நல்ல மருத்துவமனையின் அடையாளங்கள் என்றாயின. தாய் வந்து சென்றால் குழந்தை அழும், அமைதி குலையும். ஆகவே தாயின் வருகையே குழந்தைக்குக் கேடு என்னும் முடிவுக்கு நல்லவர்களும் வந்துவிட்டனர்.

1949ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரங்கள் ஓர் இதழில் தொகுத்து வெளியிடப்பட்டன. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 மணி முதல் 4 மணி வரை. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் குழந்தையைச் சந்திக்கவே முடியாது; இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், உறங்கும் பிள்ளையைப் பார்த்துச் செல்லலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தடுப்புக்கு அப்பால் நின்று காணலாம். பென்சிலின் வந்த பின்னரும் நிலைமை இதுவே. அச்சத்தால் பிறந்த விதி, அச்சம் குறைந்த பின்பும் வழக்கமாக நிலைத்துவிட்டது.

முதல் எதிர்க்குரல்கள்

இவ்வழக்கத்தை எதிர்த்த முதல் குரல்கள் மருத்துவர்களிடமிருந்தே எழுந்தன. வட இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்பார், 1920களிலேயே, நோயுற்ற மழலையருடன் தாய்மாரையும் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார். குழந்தையைப் பேணும் பொறுப்பில் பெரும்பகுதியைத் தாயே ஏற்றாள். இதனால் குழந்தை அமைதியுற்றது; தாயிடமிருந்து தாதியரும் கற்றுக்கொண்டனர்; தன் பிள்ளையை நோயிலிருந்து மீட்ட தாய், தன்னம்பிக்கையுடன் வீடு திரும்பினாள். பின்னாளில் சர் பட்டம் பெற்றுப் புகழுடன் விளங்கிய ஸ்பென்ஸ், 1946ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவில் மருத்துவமனைக் குழந்தைகளின் நிலையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

நியூசிலாந்தில் ஹென்றி பிக்கரில், சிசிலி பிக்கரில் என்னும் அறுவை மருத்துவத் தம்பதியர் பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து வந்தனர். தையலிட்ட இடத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டால் அத்தனை உழைப்பும் வீணாகும். ஒருவர் கையே பல குழந்தைகளைத் தொடுவதால்தான் தொற்றுப் பரவுகிறது என்று அவர்கள் கண்டனர். ஆகவே லோயர் ஹட் என்னும் ஊரில் அமைத்த தங்கள் சிறு மருத்துவமனையில் ஒவ்வொரு குழந்தையையும் அதன் தாயே பேணுமாறு செய்தனர். தொற்றுக்கு அஞ்சியே தாயை வெளியே நிறுத்தினர் மற்றவர்கள். தொற்றைத் தடுக்கவே தாயை உள்ளே அழைத்தனர் இவர்கள்! பல ஆண்டு அனுபவத்தை 1954ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்கள் எழுதினர்.

நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. நல்ல உணவு கொடுத்தும் மருத்துவமனைக் குழந்தைகள் எடை கூடாமல் வாடுவதையும், வீடு திரும்பியதும் தேறுவதையும் மருத்துவர் ஹாரி பேக்வின் கவனித்தார். 1942ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே மழலையரின் தனிமை பற்றியதுதான். கைகளை இருமுறை கழுவுமாறு எச்சரித்த பழைய பலகையை அகற்றிவிட்டு, ஒரு குழந்தையையேனும் தூக்கிக் கொஞ்சாமல் இக்கூடத்துக்குள் வரக்கூடாது என்று பொருள்படும் பலகையை அங்கே மாட்டச் செய்தார்.

மலாயா கண்ட மருத்துவர்

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் தொடர்புண்டு. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது கைகால் வீங்கி இறந்த குழந்தைகளைக் கண்டார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து அகற்றப்பட்ட குழந்தைகளே அவர்கள் என்பதை அறிந்து, அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்னும் பெயரையே 1935ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

மறு ஆண்டில் அவர் மலாயா வந்தார். சிங்கப்பூரில் மாணவர்களுக்குக் கற்பித்தவாறே குழந்தைகள் நலனைக் கவனித்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்ந்த கெட்டிப்பால் புகட்டப்பட்டதால் மழலையர் மடிவதைக் கண்டு உள்ளம் கொதித்தார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் பொருளில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி முகாமில் சிறைப்பட்டிருந்த காலத்திலும் அவர் தம் கடமையை மறக்கவில்லை. முகாமில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் உண்டு உயிர் பிழைத்ததை அவர் பெருமையுடன் நினைவுகூர்ந்ததுண்டு. 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவரே தலைவரானார்.

தாயையும் சேயையும் தனித்தனியாகப் பார்க்கலாகாது என்பதே அம்மையார் வாழ்வின் பாடம். அதைப் படிக்கும்போதெல்லாம், மருத்துவமனைச் சுவரோரம் மண்ணில் சிந்திய பால்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஒரு படம் சொன்ன செய்தி

மருத்துவர்கள் எழுதியும் பேசியும் அசையாத கதவை ஒரு திரைப்படம் அசைத்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டு அம்மையாரின் குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையும் செய்தவர். 1948ஆம் ஆண்டில் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் உளநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் சேர்ந்தார். மருத்துவமனைக் குழந்தைகளை உற்று நோக்குவதே அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணி.

அவர் கண்டது யாது? தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்க்கிறது. அழுது புரண்டு வாயிலையே பார்க்கிறது. அடுத்து, நம்பிக்கை இழந்து அடங்குகிறது. மூன்றாவதாக, தாயே வேண்டாம் என்பதுபோல் ஒதுங்குகிறது. இம்மூன்றாம் நிலையையே மருத்துவமனையினர் 'குழந்தை பழகிவிட்டது' என்று கருதி வந்தனர்.

சொன்னால் நம்ப மறுத்தவர்களுக்குக் காட்டுவதற்காக ராபர்ட்சன் ஒரு கைப்படக்கருவியை வாங்கினார். லாரா என்னும் இரண்டரை வயதுச் சிறுமி, சிறு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கழித்த எட்டு நாள்களை, குறித்த நேரங்களில் படமாக்கினார். அச்சிறுமி அழுது ஆர்ப்பரிக்கும் இயல்பினள் அல்லள். தன்னை அடக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்பாள். நாள் செல்லச் செல்லத் தாய் வரும்போதும் அவள் முகம் மலரவில்லை. 1952 நவம்பரில் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தில் இப்படம் காட்டப்பட்டபோது, அவையினர் பலர் சினந்தனர். மருத்துவமனைகளை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டினர்.

சினந்தவர்களுள் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவர். ஆனால் தம் மருத்துவமனைக்குத் திரும்பிய பின்பு, படத்தில் கண்டதையே தம் கூடத்திலும் அவர் கண்டார். பின்னர் அமர்ஷாம் நகரிலிருந்த தம் பிரிவில் தாய்மாரைத் தங்கவைத்தார். ராபர்ட்சன் 1958ஆம் ஆண்டில் எடுத்த இரண்டாம் படம் அங்கேதான் உருவாயிற்று. தாயுடன் மருத்துவமனை சென்ற குழந்தையின் கதை அது. தம் தவற்றை ஒப்புக்கொண்டு மாறிய அந்த மருத்துவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் விரிவுரையில்தான் பௌல்பி, ராபர்ட்சன் என்னும் பெயர்களை முதலில் கேட்டேன். மூன்று நிலைகளையும் விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதியபோது, என் தங்கை தோளில் முகம் திருப்பிக்கொண்ட காட்சி கண்முன் வந்து நின்றது. விடுமுறையில் வீடு சென்று, "அவள் உங்களை மறக்கவில்லை அம்மா, உங்களுக்காக ஏங்கி ஏங்கி ஓய்ந்துபோனாள்," என்று விளக்கினேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்வதற்கு ஆள் இருந்தது. 1952ஆம் ஆண்டிலேயே படம் பிடித்துக் காட்டியிருந்தார்கள். அவ்வுண்மை எங்கள் பட்டணத்து வாயிலை வந்தடைய 23 ஆண்டுகள் போதவில்லை.

தாய்மாரின் முயற்சி

1959ஆம் ஆண்டில் எலும்பு அறுவை மருத்துவர் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பிரிட்டிஷ் அரசுக்குத் தன் அறிக்கையை வழங்கியது. அதில் 55 பரிந்துரைகள் இருந்தன. பெற்றோர் நேரத் தடையின்றி வரலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் தாய் தங்குவதற்கு வசதி வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. ஆனால் பரிந்துரை சட்டமாகாது. பல மருத்துவமனைகள் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டின.

பூட்டைத் திறந்தவர்கள் எளிய தாய்மார்களே. ராபர்ட்சனின் கட்டுரைகளையும் தொலைக்காட்சி உரையையும் அறிந்த லண்டன் பாட்டர்சி வட்டாரத்துத் தாய்மார் சிலர் 1961ஆம் ஆண்டில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். எந்த மருத்துவமனை விதியைப் பின்பற்றுகிறது, எது பின்பற்றவில்லை என்று கேட்டறிந்து வெளியிட்டனர். இயக்கம் நாடெங்கும் பரவியது. 1988ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடிய ஐரோப்பியச் சங்கங்கள், மருத்துவமனையில் எந்நேரமும் பெற்றோரை உடன்வைத்திருப்பது குழந்தையின் உரிமை என்று சாசனம் வகுத்தன. மறு ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995ஆம் ஆண்டில் அதில் இணைந்தன.

ஏழை நாடுகளும் இதற்குப் பாடம் புகட்டின. கொலம்பியாவின் போகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், மருத்துவர் எட்கார் ரே சனாப்ரியா 1970களின் இறுதியில் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைத்தார். கங்காரு முறை என அது பெயர் பெற்றது. இந்தியா, கானா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நிகழ்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே தாயின் மார்பில் வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு நூற்றுக்கு 12. வழக்கமான முறையில் தனியே வைக்கப்பட்டவர்களிடையே 15.7. தாய் உடனிருப்பது மன ஆறுதலுக்கு மட்டுமே என்று எண்ணியோருக்கு இவ்வெண்கள் விடை கூறும்.

இன்று எஞ்சியிருப்பது

இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தைக் கட்டிலின் அருகே தாய் இருப்பது இயல்பான காட்சி. சாய்வு நாற்காலியில் கால் மடக்கி உறங்கும் தாயை யாரும் விரட்டுவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது உலகெங்கும் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டார்கள். பழைய அச்சம் மீண்டும் வந்தது. எனினும், பெற்றோருள் ஒருவரையேனும் குழந்தையுடன் இருக்கவிட வேண்டும் என்னும் எண்ணம் பல நாடுகளில் நிலைத்து நின்றது. வரலாறு வீண்போகவில்லை.

ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தொடர்ந்து ஒன்பது நாள்கள் வரவில்லை. காரணம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு முன், வீட்டுக்கே சென்றேன். தாய், சளிக்காய்ச்சல் கண்ட கைக்குழந்தையுடன் மருத்துவமனையில். தந்தை லாரி ஓட்டச் சென்றிருந்தார். பதினொரு வயதுச் சிறுமி தம்பிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். துப்புரவுப் பணியாளரான அத்தாய்க்கு ஒன்பது நாள் கூலியும் இல்லை. என் தாயார் வெளியே நின்றதற்கு விதி காரணம், கூலியும் காரணம். விதி நீங்கிவிட்டது, கூலி அப்படியே இருக்கிறது.

இதற்கும் வழி கண்ட நாடுகள் உண்டு. சுவீடனில் நோயுற்ற குழந்தையைப் பேணும் பெற்றோர் ஆண்டுக்கு 120 நாள்கள் வரை உதவித்தொகை பெறலாம். சிங்கப்பூரில் ஏழு வயதுக்குட்பட்ட குடிமகக் குழந்தையின் பெற்றோர்க்கு ஆண்டுக்கு ஆறு நாள்கள் ஊதியத்துடன் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. நாள்கூலி பெறும் தாய்க்கும் இத்தகைய காப்புக் கிடைக்கும்வரை, நாற்காலி காலியாக இருந்தும் அமர முடியாத தாய்மார் இருப்பர். சட்டம் வரும்வரை அண்டை வீட்டாரும் பள்ளியும் கைகொடுக்கலாம். நான் அம்மாணவிக்குக் கடிதம் அனுப்பவில்லை. ஆசிரியைகள் இருவர் முறைவைத்து அக்குழந்தைகளைக் கவனித்தனர்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பள்ளி தொடங்கும் முதல் நாளில் முதலாம் ஆண்டு வகுப்பில் அழும் குழந்தையை நாம் உடனே கவனிக்கிறோம். கடைசி வரிசையில் அழாமல், பேசாமல், சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையை 'நல்ல பிள்ளை' என்று பாராட்டிவிட்டு நகர்கிறோம். நான் தலைமையாசிரியரான நாள் தொட்டு, முதல் நாளன்று அப்பேசாப் பிள்ளையிடமே முதலில் சென்று அமர்கிறேன்.

என் தாயார் இன்றில்லை. தங்கை இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அவள் மூத்த மகனை டெங்கிக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்தபோது நான் பார்க்கச் சென்றேன். நள்ளிரவில் கட்டிலின் கம்பிகளுக்கிடையே கைவிட்டு, மகனின் விரலைப் பிடித்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். தான் பதினான்கு மாதக் குழந்தையாய்க் கிடந்த இரவுகள் அவளுக்கு நினைவில் இல்லை. அவற்றை நினைவில் வைத்திருந்தவர் எங்கள் தாயார் ஒருவரே.